ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு விடாத வலி: ஒரு வலி கிளினிக்கில் என் 8 மாதம்

2024 ஆடி மாதம் வலது பக்கக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) லேப்ராஸ்கோபியில், அதாவது துளை போட்டு, ஆபரேஷன் செய்துகொண்டேன். மறுநாளே டிஸ்சார்ஜ். பில் கட்டுகிற கவுண்டரில் இருந்த பெண் மேசைமேல் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைக் காட்டி, "ரிவ்யூ போட்டுட்டுப் போங்க சார்" என்றார். வலி ஊசியின் வேகம் இன்னும் இறங்காத நேரம். 5 நட்சத்திரம் போட்டு, "நல்ல கவனிப்பு, வலியே இல்லை" என்று எழுதிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

அந்த வரியைப் படித்துவிட்டு எங்கள் தெருக்காரர் ஒருவர் அதே இடத்துக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். அவர் நன்றாக இருக்கிறார், கடவுள் புண்ணியம். ஆனாலும் நான் எழுதியது உண்மையில்லாமல் போய்விட்டது என்பது பல மாதம் மனதை உறுத்தியது. அதை அழித்துவிட்டேன். இப்போது நிதானமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இது ஆபரேஷன் செய்த மருத்துவமனையைப் பற்றியது இல்லை. அதன் பிறகு 5 மாதம் வலி விடாமல் இருந்தபோது நான் போய்ச் சேர்ந்த வலி கிளினிக்கைப் பற்றியது. இரண்டின் பெயரையும் போடவில்லை. மதுரைக்காரர்களுக்கு ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். வலிக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு 47 வயதில்தான் தெரிந்தது. அங்கே போனால் என்ன செய்வார்கள், எவ்வளவு ஆகும், எது சரியாக இருந்தது, எது சரியில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் தையல்காரன். புதுமண்டபத்தில் தொழில் கற்றவன், இப்போது செல்லூரில் சொந்தக் கடை. ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம். கால் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் 2 மணி ஆகும். வலது கால் முட்டி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், தொடை இடுக்கு மடங்கி மடங்கி நிமிரும். இதைச் சொல்வதற்குக் காரணம், வலி வந்து உட்கார்ந்த இடம் சரியாக அந்த மடிப்பில்தான்.

குடலிறக்கம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. சாயங்காலம் கொஞ்சம் கனக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். "இன்னிக்கோ நாளைக்கோ குடல் முறுக்கிக்கும், தள்ளிப் போடாதீங்க" என்றார்கள். ஆடியில் கல்யாண ஜாக்கெட் வராது, கடை மந்தமாக இருக்கும் என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். தொப்புளில் ஒரு துளை, அதற்குக் கீழே இரண்டு சின்னத் துளை. 82,000 ரூபாய். "லேசர் மாதிரிதான், மூணாம் நாள் மிஷின்ல உட்காரலாம்" என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை லுங்கி மாற்றும்போது துணி தொடையில் உரசியது. சூடான இஸ்திரிப் பெட்டியின் ஓரம் பட்டதுபோல எரிந்தது. குனிந்து பார்த்தால் தோல் சாதாரணமாக இருந்தது, சிவப்புகூட இல்லை. வெறும் லுங்கி, அதுவும் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய லுங்கி.

ஆபரேஷன் வலி எனக்குத் தெரியும், காயம் இழுக்கும், இருமினால் பிடிக்கும், பத்து நாளில் போய்விடும். அது போய்விட்டது. இந்த எரிச்சல் போகவில்லை. தொடையின் முன்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு எரியும். அதற்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கும். பெடலை மிதித்தால் மடிப்பிலிருந்து சுரீர் என்று ஒரு இழுப்பு முட்டிவரை ஓடும். இன்ச் டேப்பையும் கத்தரிக்கோலையும் 25 வருடமாக வலது பாக்கெட்டில் வைத்துப் பழகியவன், இடது பக்கம் மாற்றிக்கொண்டேன். ராத்திரி போர்வை அந்தக் காலில் படாமல் இருக்க என் மனைவி ஒரு தலையணையை நடுவில் நிறுத்தி வைப்பாள். துணியிலேயே பிழைக்கிறவனுக்குத் துணி பட்டால் எரிகிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆபரேஷன் செய்த டாக்டரிடம்தான் சொன்னேன். ஆவணியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறை. முதல் தடவை "ஆறிட்டு வருது" என்றார். இரண்டாம் தடவை ஸ்கேன் எடுத்து "எல்லாம் நார்மல்" என்றார். மூன்றாம் தடவை என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்து, "இவர் இதையே நினைச்சுக்கிட்டு இருக்கார், மனச வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆபரேஷனைப் பொறுத்தவரை குடலிறக்கம் இன்றுவரை திரும்ப வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் நான் இரண்டு மாதம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த துணிகளில் 70 ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வருடக்கணக்காக என்னிடம் தைத்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

என் மகள் பி.ஃபார்ம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒருநாள் ராத்திரி நான் ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் எதையோ படித்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு வந்திருக்கிறது பேர் உள்ள வியாதிப்பா" என்றாள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாதத்தைத் தாண்டியும் நீடிக்கிற வலியை உலகம் முழுக்க டாக்டர்கள் தனியாகப் பேசுகிறார்களாம். 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது: பொருட்படுத்தத்தக்க அளவில் வலி நீடிப்பது 100 பேரில் 10 முதல் 12 பேருக்கு. காலப்போக்கில் அது குறையும். வேலைக்கே போக முடியாத அளவுக்கு, அன்றாட வாழ்க்கையையே முடக்குகிற வலி 0.5 முதல் 6 சதவீதம் பேருக்கு. திறந்து செய்கிற ஆபரேஷனைவிடத் துளை போட்டுச் செய்வதில் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சின்ன வயதுக்காரர்கள், பெண்கள், ஆபரேஷனுக்கு முன்பே வலி அதிகமாக இருந்தவர்கள், ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் கடுமையாக வலித்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

அவள் படித்துக்கொண்டே போனாள். நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உலகத்தில் வருடத்துக்கு 2 கோடிப் பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் நடக்கிறதாம். அப்படியானால் என்னைப்போல எத்தனை பேர் "மனச திருப்புங்க" என்று கேட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

வலி கிளினிக்கைக் கண்டுபிடித்ததும் அவள்தான். டிசம்பர் முதல் வாரம் போனோம். முதல் சந்திப்புக்கு 700 ரூபாய். இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இடுப்பு வலி, முட்டி வலி என்று வருகிறவர்கள் 40 படி ஏற வேண்டியிருந்தது. இதை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். 8 மாதத்தில் இன்னொரு தடவையும் லிஃப்ட் நின்றிருந்தது. வலிக்காக வருகிறவர்களை நடத்துகிற இடம் இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

காத்திருப்பும் அதிகம். 11 மணி என்று டோக்கன் கொடுத்தார்கள், உள்ளே கூப்பிட்டது 12.50-க்கு. ஆனால் உள்ளே போன பிறகு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பது புரிந்தது. டாக்டரம்மா என்னோடு 50 நிமிடம் பேசினார். வயது 40-க்குள்தான் இருக்கும், மயக்கவியல் படித்துவிட்டு வலி மருத்துவத்துக்கு வந்தவர். முதல் கேள்வியே, "நீங்க என்ன வேலை செய்றீங்கண்ணே?" மிஷினில் எப்படி உட்காருவேன் என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து காட்டச் சொன்னார்.

அப்புறம் ஒரு தாளில் 10 கேள்வி. எரிகிறதா, கரண்ட் அடிப்பதுபோல இருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா, இப்படி. 4 அல்லது அதற்கு மேல் ஆம் என்று வந்தால் நரம்பு சம்பந்தமான வலியாக இருக்க வாய்ப்பு அதிகமாம். எனக்கு 7 வந்தது. தாம்பத்தியத்தில் வலி இருக்கிறதா என்றும் கேட்டார், மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு. யாரும் கேட்காததால் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்த விஷயம் அது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்டபிறகு எனக்கு மூச்சு இலேசானது.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்க முடியாது. படுக்க வைத்துவிட்டு, ஒரு பஞ்சு, ஒரு மழுங்கின ஊசி, கையுறையில் சுற்றிய ஒரு ஐஸ் துண்டு, இரண்டு பேனா, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இடது தொடையில் முதலில் பஞ்சால் தடவி, "இது சாதாரணம், இத ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். பிறகு வலது பக்கம் வயிற்றிலிருந்து ஒவ்வொரு விரல் அகலமாகக் கீழே இறங்கினார். எரிகிற இடத்தில் சிவப்புப் புள்ளி, மரத்த இடத்தில் நீலப் புள்ளி. நான் துணியில் சாக்பீஸால் அளவு குறிப்பதுபோலவே குறித்துக்கொண்டு போனார். கடைசியில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டபோது என் தொடையில் ஒரு வெட்டுத் துண்டின் வடிவம் தெரிந்தது. மடிப்புக்குக் கீழே முன்பக்கம் சிவப்பாக ஒரு உள்ளங்கை, அதை ஒட்டி வெளிப்பக்கமாக நாலு விரல் அகலத்தில் நீலப் பட்டை. போனில் படம் எடுத்து என்னிடமே காட்டினார். "பார்த்தீங்களா, இதுக்கு ஓரம் இருக்கு. மனசுல இருக்கிற வலிக்கு இப்படி ஓரம் கட்டி வராது. இது ரெண்டு நரம்போட எல்லை."

5 மாதமாக என் உடம்பில் இருந்த ஒன்றை முதல்முறையாக நான் கண்ணால் பார்த்தேன்.

டிஸ்சார்ஜ் தாளைப் படித்துப் பார்த்தார். குடல் இறங்கின இடத்தை மூட உள்ளே வைத்த வலையை ஆணி வைத்துப் பொருத்தியிருப்பதாக அதில் இருந்தது, அது எனக்கே அப்போதுதான் தெரியும். மேசையிலிருந்து ஒரு மாதிரி வலையை எடுத்துக் கையில் கொடுத்தார். 10-க்கு 15 சென்டிமீட்டர், நம் கணக்கில் 4-க்கு 6 இஞ்ச். பாலிப்ரொப்பிலீன் நூல். விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கொசுவலை மாதிரி தெரிந்தாலும் நெய்தது இல்லை, பின்னியது. அதனால்தான் வெட்டினால் பிசிறு வராது. ஓரம் கொஞ்சம் சொரசொரப்பு. நாம் கிழிந்த இடத்துக்கு உள்பக்கமாக ஒட்டுத்துணி வைப்பதுபோல, வயிற்றுச் சதைக்குப் பின்னால், குடலை மூடியிருக்கிற சவ்வுக்கு முன்னால், இதை விரித்து வைக்கிறார்கள். உடம்பு அதன் கண்களுக்குள் சதையை வளர்த்து இறுக்கிக்கொள்ளும். இறுகும்போது வலையும் கொஞ்சம் சுருங்கும். துணி சுருங்கும் என்பது எனக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம்.

ஆணி என்பது சுருள் வடிவத்தில் டைட்டானியத்தில் ஒரு சின்னக் கம்பி. கரைந்துபோகிற வகையும் உண்டு, பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. பெரும்பாலான குடலிறக்கத்துக்கு எதுவுமே இல்லாமல் வலையை விரித்துவிட்டாலே போதும், உள்ளிருக்கிற அழுத்தமே பிடித்துக்கொள்ளும், பெரிய ஓட்டையாக இருந்தால்தான் பொருத்த வேண்டும் என்று இப்போதைய நெறிமுறை சொல்கிறதாம். தொடைக்குப் போகிற நரம்புகள் ஓடுகிற ஒரு பகுதி அங்கே இருக்கிறது, சர்ஜன்கள் அதற்கு "வலி முக்கோணம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அங்கே ஆணி அடிக்கக் கூடாது. என் எக்ஸ்ரேயில் 5 சுருள் தெரிந்தது. "அப்ப அவர் தப்பா அடிச்சிட்டாரா?" என்று கேட்டேன். "எக்ஸ்ரேயை வச்சு எந்த ஆணி எந்த நரம்பு மேல இருக்குன்னு சொல்ல முடியாதுண்ணே. ஆணியே இல்லாம வலை உரசியும் வரலாம், தழும்பு இழுத்தும் வரலாம்" என்றார். பழி போடாமல் பேசியது எனக்குப் பிடித்தது. மறுபடி குடல் இறங்கியிருக்கிறதா என்று இருமச் சொல்லி ஸ்கேனும் பார்த்து, வேறொரு சர்ஜனிடமும் ஒருமுறை காட்டச் சொன்னார். இறங்கவில்லை.

மாத்திரையில்தான் எனக்கு இந்தக் கிளினிக்மேல் உண்மையான வருத்தம். ப்ரீகாபலின் 75 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. தலை சுற்றும், தூக்கம் வரும், வண்டி ஓட்டும்போது கவனம் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. கொடுத்த தாளில் இருந்தது, ஆங்கிலத்தில். மறுநாள் காலை சைக்கிளில் போகும்போது ரோடு ஒரு பக்கமாகச் சாய்வதுபோல இருந்தது. கடையில் ஒரு பட்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். கடைப் பையன்தான், "மாஸ்டர், வலது கை இடது பக்கம் இருக்கு" என்றான். 25 வருடத்தில் நான் செய்யாத தப்பு. பிரித்தால் ஊசித் துளை தெரியும், பட்டு வேறு. அந்த அக்காவுக்குப் புதுத்துணி வாங்கிக் கொடுத்தேன்.

மகள் போன் செய்தாள். டாக்டரம்மாவே எடுத்துப் பேசி, 50 ஆகக் குறைத்து, ராத்திரி 8 மணிக்கே போடச் சொன்னார், திடீரென்று நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். இரண்டு வாரத்தில் தலைச்சுற்றல் அடங்கியது. கூட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் சேர்த்தபோது வாய் உலர்ந்தது, ஆனால் பல மாதத்துக்குப் பிறகு தூங்கினேன். இவை சாதாரண வலி மாத்திரை இல்லை, நரம்பின் கூச்சலைக் குறைக்கிறவை, பலன் தெரியச் சில வாரம் ஆகும். இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத் தாளாக அடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? கேட்டேன். செய்கிறோம் என்றார்கள். கடைசியாகப் போனபோதும் ஆங்கிலத் தாள்தான் இருந்தது.

மருந்து தடவிய ஒட்டுப் பிளாஸ்திரி ஒன்றும் கொடுத்தார்கள், லிடோகெய்ன் 5 சதவீதம். 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். எனக்கு மிஷினில் உட்காரும் நேரத்துக்கு நன்றாகவே இருந்தது, தோலுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு லைனிங் போல. ஆனால் மதுரை வெயிலில் வேர்த்து ஓரம் பிரிந்துவிடும். விலையும் அதிகம். ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

பொங்கல் கழித்து நரம்பில் ஊசி. அதற்கு 6,500. உள்ளே ஏசி அறை, ஸ்கேன் மிஷின். திரையில் கறுப்பு வெள்ளையில் என்னென்னவோ ஓடியது. இடுப்பெலும்பின் முன் முனைக்குப் பக்கத்தில் ஒன்று, தொடை இடுக்கில் ஒன்று. ஊசி நுனி நகர்வதைத் திரையில் பார்த்தபடியே மருந்தை விட்டார். 10 நிமிடம் கழித்து, "எழுந்து நாற்காலியில உட்காருங்க. மிஷின் மிதிங்க" என்றார். மிஷின் எங்கே இருக்கிறது, வெறும் தரைதான். நான் காற்றில் மிதித்தேன். இழுப்பு வரவில்லை. இன்னும் வேகமாக மிதித்தேன். வரவில்லை. பேன்ட் துணியைத் தொடைமேல் இழுத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் மனைவி கதவருகில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இது மரத்துப்போற மருந்தோட வேலை, சில மணி நேரத்துல போயிடும், ஏமாந்துடாதீங்க. ஆனா எந்த நரம்புன்னு இப்ப உறுதியாச்சு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே ராத்திரி 9 மணிக்கு வலி திரும்பியது. ஆனாலும் முன்னைப்போல இல்லை, 10-க்கு 8 என்று இருந்தது 5 ஆனது. பிப்ரவரியில் இரண்டாவது ஊசி, அது மூன்று வாரம் தாங்கியது. மார்ச்சில் ரேடியோ அலை சிகிச்சை: நரம்புக்குப் பக்கத்தில் ஊசியை நிறுத்தி, 42 டிகிரிக்கு மேல் போகாமல், விட்டு விட்டு அலை கொடுக்கிறார்கள், ஒரு இடத்துக்கு 2 நிமிடம். நரம்பை எரிப்பது இல்லை, அடக்குவது என்றார். எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது, இதற்கான ஆய்வுகள் இன்னும் சிறியவைதான் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே சொன்னார். 28,000 ரூபாய். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஆபரேஷனுக்குக் கொடுத்தார்கள், இதற்குக் கொடுக்கவில்லை. கையிலிருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன். மொத்தச் செலவு இவ்வளவு வரும் என்று முதல் நாளே ஒரு மதிப்பாவது சொல்லியிருக்கலாம், கேட்டால்தான் சொல்கிறார்கள்.

எனக்குக் கேட்டது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவன், மணி பார்த்தால் ஒன்றரை. காலைப் பற்றி நினைக்கவே இல்லை.

பிசியோதெரபி பற்றியும் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள்தான் அந்தத் தம்பி வருவார், அது குறை. ஆனால் அவர் செய்தது பெரிய காரியம். "தூக்காதே, குனியாதே, உட்காராதே" என்று கேட்டுக் கேட்டு, நான் அந்தக் காலை ஊன்றவே பயந்து ஒரு பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இடுப்பும் முதுகும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்திருந்தது. அவர் ஒருநாள் என் கடைக்கே வந்து பார்த்தார். ஸ்டூலை 2 இஞ்ச் உயர்த்தச் சொன்னார், இடுக்கு அவ்வளவு மடங்காமல் இருக்க. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து காஜா வேலையை நின்றுகொண்டு செய்யச் சொன்னார். மிஷினுக்கு மோட்டார் போடச் சொன்னதும் அவர்தான். அப்பா காலத்து மிஷினில் மோட்டார் மாட்டுவதற்கு மனசு வரவில்லை, ஆனாலும் மாட்டினேன். இப்போது பெருவிரலால் தொட்டால் ஓடுகிறது.

வலையை எடுத்துவிடலாமா, நரம்பை வெட்டிவிடலாமா என்றும் கேட்டேன். உண்டு, அதற்கென்று பழகிய சர்ஜன்கள் செய்கிறார்கள், ஆனால் வலைக்குப் பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, சதையோடு இறுகியபின் பிரித்தெடுப்பது முதல் ஆபரேஷனைவிடக் கடினம், நரம்பை வெட்டினால் அந்த இடம் நிரந்தரமாக மரத்துப்போகும், மற்ற வழி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக யோசிப்போம் என்றார். தைத்த ஜாக்கெட்டைப் பிரிப்பதில் இருக்கிற சேதம் எனக்குத் தெரியும். இப்போதைக்கு அந்தப் பேச்சு இல்லை.

குடலிறக்கத்தோடு இதைப் படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். ஏறக்குறைய 10 பேரில் 9 பேர் எங்கள் தெருக்காரர் மாதிரி, இப்படி நீடிக்கிற பெரிய வலி இல்லாமல் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலித்து, வாந்தி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பெண்களுக்குத் தள்ளிப்போடுவதும் நல்லதில்லையாம். ஆனால் என்னைப்போல வலி அதிகம் இல்லாத ஆண்களுக்கு "இன்றே செய்" என்ற அவசரம் இல்லை. 2006-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், அப்படிக் காத்திருந்த ஆண்களில் அவசர நிலைக்குப் போனவர்கள் வருடத்துக்கு 1,000 பேரில் 2 பேருக்கும் குறைவு. 2 வருடத்துக்குள் ஏறக்குறைய நாலில் ஒருவர் தாங்களாகவே ஆபரேஷனுக்கு வந்தார்கள். இது தெரிந்திருந்தால் நான் செய்துகொள்ளாமல் இருந்திருப்பேனா என்றால், தெரியாது, ஒருவேளை செய்துகொண்டிருப்பேன். ஆனால் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். வலையை எதை வைத்துப் பிடிக்க வைப்பீர்கள், ஆணியா, பசையா, ஒன்றும் இல்லாமலா? வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? 3 மாதம் தாண்டியும் வலித்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

வலி கிளினிக்குக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் தாளையும், வலையின் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் அந்த ஸ்டிக்கர் பக்கத்துக்காக இரண்டு தடவை அலைந்தேன். வேட்டியோ தளர்ந்த பேன்ட்டோ போட்டுப் போங்கள். ஊசி போடுகிற நாளில் காலில் பலம் குறைவாக இருக்கும், கூட ஒரு ஆள் வேண்டும்.

என் மதிப்பு 5-க்கு 4. லிஃப்டுக்கும் ஆங்கிலத் தாளுக்கும் ஒன்று குறைத்துக்கொண்டேன். போன வாரம் போனபோது அமிட்ரிப்டிலினை நிறுத்தியாகிவிட்டது, ப்ரீகாபலின் 25-க்கு வந்திருக்கிறது. வலி 2. மழை நாளில் 3. தொடையின் வெளிப்பக்கம் நீலப் பட்டை இருந்த இடம் இன்னும் மரத்தே இருக்கிறது, அது அப்படியே இருந்துவிடலாம் என்றார். பரவாயில்லை, கத்தரிக்கோல் வலது பாக்கெட்டுக்கு வந்துவிட்டது.

இந்தத் தீபாவளிக்கு 60 ஜாக்கெட் வரை எடுக்கிறேன் என்று கடையில் போர்டு எழுதி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் 110 எடுப்பேன். இன்று காலை கணக்குப் பார்த்தேன், 43 துணி வந்திருக்கிறது.